பந்து கீழே வந்ததைப் பார்த்தவன் எழுதுவது

யட்டவத்த வீதி, மாத்தளை.
திங்கட்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

டோஹாவில் இருக்கும் அன்பு மச்சான் அன்ஸாப் அறிய, மச்சினன் பலீல் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். உங்கள் கூடப்பிறந்த தாத்தா, என் வீட்டுக்காரி ஹமீமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அந்த இடத்துக்கு நான் வலியாக வந்து சேர்ந்திருப்பதாக அவள் சொல்கிறாள். வாட்ஸப்பில் குரல் அனுப்பாமல் இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று யோசிப்பீர்கள். என் குரல் ஒரு தடவை போனுக்குள் போய்ப் பட்ட பாடு போதும் மச்சான். முப்பத்திநாலு வருடம் மைக் பிடித்தேன், மாவட்டமே கேட்டது ஐம்பத்திரண்டு வினாடி வீடியோ. அதற்கும் யாரோ பின்னால் ஒரு மேளத்தைச் சேர்த்துவிட்டான்கள். டோஹாவுக்கும் அது வந்திருக்கும். மேளம் இல்லாமல் நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் முதல் ஞாயிறு நம் கழகத்தின் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி இறுதி ஆட்டம். கலேவெலயிலிருந்து வந்த அணி பின்னால் துடுப்பெடுத்தாடியது. வழக்கம்போல கோட்டும் கழுத்துப்பட்டியுமாகக் கூடாரத்துக்குள் இருந்து வர்ணனை செய்துகொண்டிருந்தேன். ஏழாவது ஓவரில்தான் மைதானத்தின் அந்தக் கோடியில், மாரா மரத்தடியில், ஒருவர் நிற்பதைக் கவனித்தேன். நம் பையன்கள் எல்லோரும் முதுகில் பெயர் போட்ட நீல ஜேர்சி. இவர் பழைய வெள்ளைக் காற்சட்டை, கையை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. யாராவது காயப்பட்டு மாற்று ஆளை இறக்கியிருப்பார்கள் என்று நினைத்து, "மரத்தடியில் நிற்பவர் கூர்மையாக நிற்கிறார்" என்று இரண்டு தடவை மைக்கில் சொல்லியும்விட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வர்ணனையை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவர் இரண்டு உள்ளங்கையையும் காற்சட்டையில் துடைத்தார். எங்கேயோ பார்த்த பழக்கமாக இருந்தது, யாரென்றுதான் பிடிபடவில்லை.

கடைசிப் பந்து. அவர்களுக்கு நாலு ஓட்டம் வேண்டும். துடுப்பாட்டக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுழற்று சுழற்றினான். பந்து மேலே போனது மச்சான், மாரா மரத்தையும் தாண்டி, வெயிலுக்குள்ளே போனது. நானூறு பேர் அதைப் பார்த்தார்கள். வெயில் கண்ணில் குத்த எல்லோரும் முகத்தைத் திருப்பினார்கள். கூடார நிழலில் இருந்த நான் திருப்பவில்லை. மரத்தடி ஆள் ஓடவில்லை, பதறவில்லை. பந்து வந்து விழப்போகும் இடம் எத்தனையோ காலமாக அவருக்குத் தெரியும் என்பதுபோல இரண்டே இரண்டு எட்டு பின்னால் வைத்தார், தலைக்கு மேலே இரண்டு கையையும் ஏந்தினார். பந்து கைக்குள் போய் உட்கார்ந்தது. "கிறிஸ்டியன்! கிறிஸ்டியன் பிடித்துவிட்டார்! என்ன அருமையான பிடி! அவுட்!" என்று கத்தினேன். அந்தப் பெயர் என் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான், நம் கழகத்தின் அந்தப் பழைய ஆட்டக்காரர் மௌத்தாகி, அடக்கமாகிப் பதினாலு மாதம் என்பது என் தலைக்குள் வந்தது.

அவர் குதிக்கவில்லை, பந்தை எறியவில்லை. என் கூடாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மைக்கை மேசையில் வைக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது மரம் மட்டும்தான் நின்றது.

அதற்குள் நடுவர் ரமேஸ் விரலைத் தூக்கிவிட்டான். கலேவெலக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். யார் பிடித்தது, எங்கே பந்து, காட்டு என்று சத்தம். அவன் விரலைக் கீழே இறக்கவும் பயந்து, "பலீல் நானா வாயால அவுட்டுன்னு கேட்டதும் கை தானா மேல போயிருச்சுங்க" என்றான். பன்னிரண்டு வருடமாக என்னை அண்ணனாக மதித்து நானா என்று கூப்பிடும் அவன் என் வாயைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லி வந்திருக்கிறான். ஆட்டத்தைப் பார்ப்பதாகவல்லவா நான் நினைத்திருந்தேன்! பந்தை வடிகானுக்குள் தேடினார்கள், பாடசாலைக் கூரையில் தேடினார்கள், ஒருவன் மரத்தில் ஏறிக் கிளை கிளையாகத் தேடினான். கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் கழக அறையில் விசாரணை. செயலாளர் மக்கீன் குற்றப்பத்திரம் வாசித்தார். ஒன்று, ஆட்டத்தின் முடிவை ஒலிபெருக்கியால் மாற்றியது. இரண்டு, கலேவெல அணியின் முறைப்பாட்டில் உள்ளபடி, "பதினொருவருக்கு மேலாக, அதிலும் காலஞ்சென்ற ஒருவரை, களத்தில் நிறுத்தியமை". மூன்று, வேற்று மதத்தைச் சேர்ந்த இறந்தவரின் பெயரைப் பகிடிக்கு எடுத்து, அவர் ஊரான வஹகோட்டையின் கத்தோலிக்க மக்களின் மனதைப் புண்படுத்தியது.

"நானா, கிறிஸ்டியன் எங்கட லிஸ்ட்ல இல்லியே" என்றார் மக்கீன்.

"லிஸ்ட்ல இல்லதான். மைதானத்துல இருந்தாரு."

"அவரு மௌத்தாகிட்டாரு நானா."

"அதுவும் தெரியும். மறந்துட்டேன்."

"அவங்க அவர்ட அடையாள அட்டைப் பிரதி கேக்குறாங்க. நான் எங்க போய் எடுக்குற?"

சிரிப்பு வந்தது எனக்கு. அவருக்கு வரவில்லை. கடைசியில், நல்ல மனிதர், ஒரு வழி சொன்னார். இரண்டு கடதாசி. ஒன்றில் கிறிஸ்டியனின் மனைவி டொறீன், தன் மனம் புண்படவில்லை என்று கையெழுத்திட வேண்டும். மற்றதில் நான், "அன்று அவ்விடத்தில் எவரும் இருக்கவில்லை, எவரும் பந்தைப் பிடிக்கவுமில்லை, என் பார்வைக் கோளாறு" என்று கையெழுத்திட வேண்டும். இரண்டும் வந்தால் மைக் மறுபடி என் கையில்.

அன்றைக்கு அந்த அறையில் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அது தெரியும் மச்சான், ஏனென்றால் தொண்ணூற்றி நாலாம் வருட இறுதி ஆட்டத்தில் பந்து வீசியது நீங்கள். உங்கள் பந்தில் வந்த பிடியைக் கிறிஸ்டியன் அதே மரத்தடியில் நழுவவிட்டார். அதனால் தோற்றோம். அப்போது மைக்கில் நான், "கிறிஸ்டியனுக்கு வஹகோட்டைக் கோயிலில் பூசிய எண்ணெய் இன்னும் கையில் காயவில்லை போலிருக்கிறது!" என்றேன். மைதானமே சிரித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சிரிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உள்ளே குத்தியதை மறைத்துக்கொண்டு பல வருடம் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அன்றைக்கு இருந்து அவருக்கு "எண்ணெய்க் கை" என்று பெயர். கடையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுக்கும்போதும், "பாத்து, வழுக்கும்" என்பார்கள். அவர் அந்த மைதானத்துக்குள் பிறகு கால் வைக்கவே இல்லை. செத்த வீட்டுக்கும் நான் போகவில்லை. பஸ் இல்லை என்று ஹமீமாவிடம் சொன்னேன். பஸ் இருந்தது.

சனிக்கிழமை கலேவெலப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, வஹகோட்டையில் இறங்கி, கோயிலடியில் விசாரித்துப் போனேன். டொறீன் முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். ஏசுவார், ஏசினால் நல்லது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க மைக் பலீல் அண்ணன்தானே? வாங்க, உக்காருங்க" என்றார். என் வீடியோவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை காட்டியதாம். "அவரு உங்களப் பத்தி ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல. பந்து விளையாட்டு டீவீல போனா மட்டும் எழும்பி வெளிய போயிருவாரு."

நான் அந்த எண்ணெய்ப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். முப்பத்திநாலு வருடம் தடங்கல் இல்லாமல் ஓடிய நாக்கு, அந்த ஒரு வசனத்தை முடிக்க மூன்று தடவை நின்றது. அவர் மிளகைக் கையால் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"கடைசி மாசம் படுக்கையில கெடந்தாருங்க. பேச்சுக் கொறைஞ்சிருச்சு. ஆனா ரெண்டு கையையும் இப்பிடித் தலைக்கு மேல ஏந்திக்கிட்டே இருப்பாரு. மாதாவக் கூப்பிடுறாருன்னு நெனச்சேன். கோயில் சாமியாரும் வந்து அப்பிடித்தான் சொன்னாரு. கை நோகும், எறக்குங்கன்னு சொன்னா, 'இன்னும் வரல்ல டொறீன்'ம்பாரு. அடக்கம் பண்ற அன்னைக்கும் அந்தக் கையை மடக்கக் கஷ்டப்பட்டோம்."

முற்றத்தில் நல்ல வெயில், நடுப்பகல். இருந்தும் என் முதுகு சில்லென்றது மச்சான். அவரைப் பார்க்கத் துணிவில்லாமல் மிளகைப் பார்த்தேன்.

"அண்ணன், புடிச்சாரா?" என்று கேட்டார்.

"புடிச்சாரு."

"சுத்தமா?"

"ரெண்டு கையாலயும். தலைக்கு மேல. அசையல்ல."

அவர் உள்ளே போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். தன் கடதாசியில் கையெழுத்தும் போட்டுத் தந்தார். மற்றது என்ன என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். "எவரும் பந்தைப் பிடிக்கவுமில்லை" என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அவர் என்னை வற்புறுத்தவில்லை. என் கோப்பையில் தேத்தண்ணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். நான் பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன்.

திரும்பி வந்து மக்கீனிடம் ஒரு கடதாசியைத்தான் கொடுத்தேன்.

"மத்தது எங்க நானா? அது இல்லாட்டி மைக் இல்ல."

"சரி."

"சரியா?" என்று அவர்தான் திடுக்கிட்டார். "ஒரு கையெழுத்துதானே! போட்டுட்டு மனசுக்குள்ள வேற மாதிரி நெனச்சுக்கங்களேன்!"

"ஒரு வசனத்த மைக்ல சொல்லிட்டு மனசுக்குள்ள வேற மாதிரி நெனச்சது போதும்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கழகத்துக் கழுத்துப்பட்டியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். புது வர்ணனையாளர் இப்ஹாம், வங்கியில் வேலை செய்கிறவர், நல்ல தமிழ். நம் வீட்டு வாசலில் இருந்தால் ஒலிபெருக்கியில் அவர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. கேட்காத மாதிரி இருக்கப் பழகுகிறேன். வீட்டில் வாய் சும்மா இருக்காமல், ஹமீமா ரொட்டி திருப்பும்போது "அருமையான திருப்பம்!" என்று சொல்லிவிட்டேன். "ஊரு முழுக்கப் பங்கு போட்டுக் கேட்டத இனி நான் ஒத்தையாக் கேக்கணுமா?" என்று அகப்பையைக் காட்டினாள்.

அவள்தான் போன வியாழக்கிழமை என்னைக் கண் பார்க்க இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை, முற்றிவிட்டது. டொக்டர் சுவரில் இருந்த பெரிய எழுத்தைக் காட்டினார். எனக்குச் சுவர் மட்டும் தெரிந்தது. "ஐயா இவ்வளவு காலம் ஆட்டக்காரர்களை எப்படி அடையாளம் கண்டீர்கள்?" என்றார். நடையை வைத்து என்றேன். கூடாரத்திலிருந்து அந்த மரம் எவ்வளவு தூரம் என்று கேட்டார், சொன்னேன். அந்தத் தூரத்தில் ஒரு மாட்டைக்கூட உங்களால் பார்த்திருக்க முடியாது என்றார்.

ஆகவே மச்சான், நான் ஒன்றையும் பார்க்கவில்லை. வெயில், வயது, மனதில் இருந்த குற்றம் எல்லாம் சேர்ந்து ஒரு ஆளை அங்கே நிறுத்தியிருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கையெழுத்துப் போடமாட்டேன். இதை உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன், டொறீன் காதுக்குப் போகக்கூடாது. அடுத்த மாதம் சத்திரசிகிச்சை, துஆச் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் சலாம். வெயிலில் தொப்பி இல்லாமல் வெளியே போகவேண்டாம் என்று தாத்தா சொல்லச் சொன்னாள். உங்கள் ரிஸ்க்கில், உங்கள் உழைப்பில், அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
மச்சினன் எம். எஸ். பலீல்
(முன்னாள் வர்ணனையாளர்)

பிற்குறிப்பு: நேற்று தபாலுக்குப் போகத் தாமதமாகிவிட்டது. இன்று செவ்வாய், பௌர்ணமிப் போயா லீவு, மைதானத்தில் சிநேகபூர்வ ஆட்டம். அஸர் தொழுதுவிட்டு வாசலில் இருந்தபோது இப்ஹாமின் வர்ணனை ஓவருக்கு நடுவில் நின்றுபோனது. கொஞ்சத்தில் என் போன் அடித்தது. "நானா, மைக்கை மூடிட்டுத்தான் பேசுறேன்" என்றார். மூச்சு வாங்கியது. "மூணு தடவ எண்ணிட்டேன், பன்னிரண்டு பேரு வருது. மாரா மரத்தடியில வெள்ளைச் சட்டையோட ஒருத்தர் நிக்கிறாரு. கையத் தொடைச்சிக்கிட்டே இருக்காரு. பந்து அந்தப் பக்கம்தான் போகுது. நான் இப்ப என்ன சொல்றது?" அவருக்கு வயது இருபத்தாறு, கண்ணாடிகூடப் போடுவதில்லை. "பேரைச் சொல்லுங்க தம்பி, சரியாச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு சொல்லும் கூட்டாதீங்க" என்றேன். சிறிது நேரம் ஒலிபெருக்கி வெறுமனே இரைந்தது. பிறகு அந்தப் பெயரைச் சொன்னது. அடுப்படியில் இருந்த ஹமீமாவும் கேட்டுவிட்டு, அகப்பையோடு வாசலுக்கு வந்து நிற்கிறாள்.