சிவப்பு மையில் திருத்திய விமானம்

என் வாழ்நாளில் ஒரே ஒரு விமானச்சீட்டைத்தான் நான் திருத்தியிருக்கிறேன். அந்த ஒன்றே போதுமானதாயிற்று.

துறைமுகத்தில் முப்பத்தோராண்டு டேலி கிளார்க்காகப் பணிபுரிந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதும், சீட்டில் பிழை கண்டால் சிவப்பு மையால் அடித்துத் திருத்திக் கையொப்பமிடுவதும் என் தொழில். நான் ஓய்வுபெற்ற பின்னும் பேனா ஓய்வுபெறவில்லை. (உறவினரின் திருமண அழைப்பிதழ்களும் தப்பியதில்லை.)

சிங்கப்பூரில் வாழும் என் மகள் ஸ்டெல்லா, எட்டு மாதக் குழந்தையுடன் முதன்முறையாகத் திருவொற்றியூருக்கு வரவிருந்தாள். பேத்தியை அதுவரை கைப்பேசித் திரையில் மட்டுமே கண்டிருந்தேன். இந்த மண்ணில் அவளை முதலில் ஏந்தும் கைகள் என்னுடையவையே என்று வீட்டில் அறிவித்தும் விட்டேன்.

மகள் அனுப்பிய சீட்டை அச்செடுத்துப் பார்த்தேன். புறப்பாடு காலை பத்து, வருகை பதினொன்றரை. வங்கக் கடல் முழுவதையும் ஒன்றரை மணி நேரத்தில் கடப்பதா? திருவொற்றியூரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் செல்லவே கன்டெய்னர் லாரிகளுக்கிடையே இரண்டு மணி நேரமாகிறது. முன்பு அவள் இங்கிருந்து பத்து மணிக்குப் புறப்பட்டு அங்கே மாலை நாலரைக்கு இறங்கியது என் நினைவில் இருந்தது. ஆக, ஆறரை மணி நேரம். தூரம் மாறாதபோது நேரம் எப்படி மாறும்? பதினொன்றரையை அடித்து, நாலரை என்றெழுதிக் கையொப்பமிட்டேன்.

என் மனைவி மேரி எட்டிப் பார்த்தாள். “பிளேன்காரனுக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிடுச்சா?”

“அச்சுப்பிழை” என்றேன்.

அவர்கள் வரும் நாளன்று காலை பதினொரு மணியளவில் கடற்கரைப் பாறைமீது அமர்ந்திருந்தேன். நங்கூரமிட்ட கப்பல்கள் உறங்குவன போல் நின்றன. நீரும் வானும் ஒரே நிறமாய்க் கரைந்திருக்க, தொலைவில் வெண்ணிற விமானமொன்று ஓசையின்றித் தாழ்ந்து தெற்கே சென்றது. யார் வீட்டுப் பிள்ளைகளோ, நலமாக இறங்கட்டும் என்று கையசைத்தேன்.

அதனுள் என் பேத்தி இருந்தாள்.

நண்பகலில், எங்கள் வீட்டின் ஒரே கைப்பேசியை அணைத்துப் பையிலிட்டு, ரோஜா மாலையுடன் புறப்பட்டேன். (விமான நிலையத்தில் கைப்பேசி கூடாதென்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.) ஐந்தரை வரை வாயிலில் நின்ற என்னை டாக்சி ஓட்டுநர் ஒருவர் இரக்கத்துடன் விசாரித்தார்.

“சிங்கப்பூர் பிளேனா நைனா? அது காலையிலயே வந்து பூடுச்சே. போனாலும் வந்தாலும் நாலு மணி நேரம்தான். அங்க கடியாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடிகினு கீது.”

கைப்பேசியை உயிர்ப்பித்ததும் அது அலறியது. அடுத்த வீட்டுக் கைப்பேசியிலிருந்து மேரி பேசினாள்.

“இன்னாயா, கப்பல்லயா வராங்கோ? உன் பொண்ணு வூட்டுக்கு வந்து சாப்ட்டே முடிச்சுட்டா. கொயந்தைய மொதல்ல டாக்சிலேர்ந்து எறக்குனது யாரு தெரியுமா? எதுத்த வூட்டு எஸ்தரு. மீன் கயுவுன கையோட.”

வீடு சேர்ந்தபோது பேத்தி உறங்கிக்கொண்டிருந்தாள். வாடிய மாலையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, அவள் மூச்சுகளை எண்ணியபடி அமர்ந்திருந்தேன். (எண்ணிக்கையில் பிழையில்லை.)

இப்போது அவளுக்கு ஆறு வயது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதே பாறையில் என்னருகே அமர்கிறாள். விமானம் தாழும்போது, பாட்டி கற்றுக்கொடுத்தபடியே சொல்கிறாள்:

“தாத்தா, டாட்டா காட்டு. உள்ள நான்தான் கீறேன்.”

நானும் எழுந்து நின்று கையசைக்கிறேன்.