நமுத்துப்போன ஜோதி

இமயமலைப் பனிக் குகைக்குப் போக ரயில் டிக்கெட் வேண்டும், ஸ்வெட்டர் வேண்டும், லீவு வேண்டும். நொச்சிமலைக் குகைக்கு ஆமத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் போதும். புண்ணியம் இரண்டிலும் ஒன்றே! இப்படி நோட்டீஸ் போட்டார் ஜோதியானந்த சுவாமிகள். சிவகாசியில் நோட்டீஸ் அடிக்கவா பஞ்சம்? அய்யாதுரை முதலாளி தம் அச்சகத்தில் ஓசியிலேயே அடித்துக் கொடுத்தார், பல வண்ணத்தில்.

பௌர்ணமிதோறும் பொழுது சாயும் நேரத்தில் குகைப் பாறையின் வெடிப்பிலிருந்து ஜோதி தானாகக் கிளம்பும். முதலில் சிவப்பு, பிறகு பச்சை. சிவப்பு சிவன், பச்சை பார்வதி என்பது சுவாமிகளின் விளக்கம். வாரம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வெடிமருந்து செலுத்துகிற பட்டாசு ஆபீஸ் கைகள், அதே சிவப்பையும் பச்சையையும் கண்டு தலைக்கு மேல் குவிந்தன. குகைக்குள் கந்தக வாடை தூக்கலாக அடித்தது. நாள் முழுக்க அந்த வாடையிலேயே கிடக்கிற மூக்குக்கு அது எங்கே தெரியும்? "விபூதி வாசம்ல அடிக்கி!" என்று மெய் சிலிர்த்தார்கள்.

சுவாமிகளின் பழைய பெயர் சங்கிலிமுத்து. தீபாவளி சீசனில் பட்டாசு லாரிகளுக்குத் தரகு பார்த்தவர். இமயமலையில் தவம் இருந்தேன் என்பார். எந்த வருஷம் சாமி என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். அதுவும் தவம்தான் போலிருக்கிறது.

இதெல்லாம் வேடிக்கை என்று விட்டுவிடலாம். ஓவியா விஷயம் அப்படியில்லை. பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து செலுத்தும் சண்முகத்தாயின் ஒரே மகள் அவள். வலிப்பு நோய் உண்டு. டாக்டர் கொடுத்த மாத்திரையின் தயவில் ஒரு வருஷமாக நல்லபடியாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சுவாமிகள் கண்ணில் பட்டாள். "மாத்திரையும் ஜோதியும் ஒரே உடம்புல தங்காது. மாத்திரையை நிறுத்து, மூணு ஜோதி பாரு" என்று உத்தரவு போட்டார். தாய் நிறுத்தினாள். இரண்டாவது ஜோதி பார்த்து இறங்கும்போதே பிள்ளை படியில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தது. "வியாதி வெளிய போகுது" என்றார் மகான். எனக்கு வயிறு எரிகிறது.

சண்முகத்தாயின் நாத்தனார் இசைவாணிக்கும் எரிந்தது.

"மதினி, மாத்திரையக் குடுங்க. புள்ளய உசுரோட பாக்க வேண்டாமா?"

"வாயக் களுவு! இன்னும் ஒரு சோதிதான். தானா எரியுதே, கண்ணால பாத்தேம்ல?"

"தானா எரியலன்னா மாத்திரை குடுப்பீகளா?"

"குடுக்கேன். போதுமா?"

மூன்றாவது பௌர்ணமி. ஆனைக்குட்டம் அணைத் தண்ணீரைக் குடத்தில் சுமந்துகொண்டு இசைவாணி மலை ஏறினாள். நேர்த்திக்கடன் என்றதும் கூட்டம் வழிவிட்டது.

"சாமி, சோதிக்கு முன்ன ஒரு அபிசேகம் செய்யணும்."

சுவாமிகளின் முகம் வெளுத்தது. "அபச்சாரம்! ஜோதி எழுகிற இடத்துல தண்ணி ஆகாது."

"கங்கையவே தலையில வச்சிருக்கிற சாமிக்கு ஒரு குடத் தண்ணி ஆகாதாக்கும்?"

கூட்டம் சிரித்துவிட்டது. "நியாயந்தான சாமி, ஊத்தட்டும்" என்றார் முன்வரிசையில் இருந்த அய்யாதுரை முதலாளி. ஓசி நோட்டீஸ்காரர் சொன்னால் தட்ட முடியுமா? இசைவாணி வெடிப்புக்குள் நிதானமாகக் குடத்தைச் சாய்த்தாள். "இன்னைக்கு ஜோதி..." என்று சுவாமிகள் இழுப்பதற்குள் வழக்கம்போல் உறுமி மேளம் முழங்கியது. மணி அடித்தது.

ஸ்ஸ்ஸ்... ஒரே ஒரு சிவப்புப் பொறி. கொஞ்சம் புகை. அவ்வளவுதான்.

உறுமி நின்றது. அந்த அமைதியில் ஒரு குரல் தன்னை அறியாமல் சொன்னது: "அடச்சே, நமுத்துப்போச்சு!"

சண்முகத்தாய்! குவித்த கை இன்னும் தலைக்கு மேல்தான் இருந்தது. ஈரம் ஏறிய பட்டாசைக் கண்டால் அந்த ஊர் வாயில் தானாக வருகிற வார்த்தை, வந்துவிட்டது. "ஆமா, நமுத்துல்ல போச்சு" என்றது இன்னொரு குரல். பிறகு குகை முழுக்க அதே பேச்சு. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவர்களுக்கே உறைத்தது. தெய்வம் நமுக்குமா?

பாறையைச் சுற்றி ஓடினார்கள். பின்பக்கத்துப் பொந்தில் ஊதுபத்தியும் கையுமாகச் சங்கிலிமுத்துவின் கூட்டாளி உட்கார்ந்திருந்தார். பாறைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அபிஷேக வழக்கு அவர் காதில் விழவில்லை. மணி அடித்ததும் வழக்கம்போல் திரியைப் பற்றவைத்துவிட்டார். வெடிப்புக்குள் கையை விட்டால் பூச்சட்டிகள், நனைந்து ஊறி.

சண்முகத்தாய் ஒன்றை எடுத்துத் திருப்பி, அடியில் இருந்த அடையாளத்தைப் பார்த்தாள். "எங்க ஆபீசுல எங்க ரூமு சட்டி! நான் செலுத்துனத நானே கும்பிட்டிருக்கேன். எம்புள்ளயக் கொல்லப் பாத்தேனே!" என்று ஓவியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"தீட்டு! இங்கே யாரோ தீட்டு..." என்று ஆரம்பித்தார் சுவாமிகள்.

"தீட்டு இல்லய்யா, ஈரம்" என்றாள் இசைவாணி.

அதற்குமேல் மகான் நிற்கவில்லை. காவியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவர் இறங்கிய வேகம்தான் அந்த மலையில் நடந்த ஒரே அதிசயம். பஸ் ஏறுவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

இசைவாணி முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரையை எடுத்தாள். "நாளைக்கே டாக்டர்கிட்டப் போயி நடந்ததச் சொல்லுவோம் மதினி." சண்முகத்தாய் மாத்திரையை வாங்கி, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரோடு மகளுக்குத் தன் கையாலேயே கொடுத்தாள்.

பூச்சட்டி ஒரு குடம் தண்ணீரில் நமுத்தது. மூன்று பௌர்ணமியாக நமுத்துக் கிடந்த நம் புத்தியை எப்போது ஐயா வெயிலில் காயப்போடுவது?