அப்பா வந்தால் எழுந்திரு

சலூன்காரருக்கு அந்த ஞானோதயம் வந்தது கத்தரியும் கையுமாக நிற்கும்போதுதான். பாதி கிராப்போடு நாற்காலியில் இருந்த வாலிபன், தன் அப்பா கடைக்குள் நுழைந்ததும் போர்த்திய துணியோடு விருட்டென்று எழுந்து நின்றான். அவர் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தான். சலூன்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நம் வீட்டிலும் ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். அப்பன் வந்தால் நீட்டிய காலைக்கூட மடக்குவதில்லை. ஊரெல்லாம் உட்கார, நாள் பூரா நிற்கிற மனுஷன் அவர். வீட்டிலிருக்கும் ஒரே சாய்வு நாற்காலியும் பிள்ளைகள் வசம்.

அன்று மாலையே சட்டம் போட்டார். அப்பா வந்தால் எழுந்து நிற்க வேண்டும். அப்பா சொல்லாமல் உட்காரக் கூடாது. சாய்வு நாற்காலியும் ரிமோட்டும் அப்பாவுக்கே.

"சரிங்க" என்றாள் மனைவி.

வரிந்துகட்டிக்கொண்டு வந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"நெசமாத்தான் சொல்றியா?"

"நல்ல விஷயந்தானே. ஆனா பசங்க சொன்னா கேக்காதுங்க. பார்த்துத்தான் கத்துக்குங்க."

"தாராளமா பார்க்கட்டும்."

கொஞ்ச நாள் ராஜபோகம். கடை லீவு அன்று, காலை நீட்டிச் சாய்ந்திருந்தபோது பெட்டியோடு வந்து இறங்கினார் அவருடைய அப்பா.

பிள்ளைகள் எழுந்தார்கள். எழுந்து, நாற்காலியில் இருந்தவரையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் சலூன்காரரும் எழுந்தார். பெரியவர் அதில் சாய்ந்து ரிமோட்டைக் கையில் எடுத்தார். பேரப்பிள்ளைகளை "உட்காருங்க கண்ணுங்களா" என்று பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நின்றே பிழைப்பவனுக்குக் கால் வலிக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சலூன்காரர் மெல்லச் சமையலறைக்கு நழுவினார்.

"அப்பாவை யாரு வரச் சொன்னது?"

"நான்தான். எத்தனை நாளா வரட்டுமான்னு கேட்டுட்டிருந்தாரு. வீட்டுல இடமில்லன்னு நீங்கதான் தட்டிக் கழிச்சீங்க."

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் கால் விடவில்லை.

"கால் கெஞ்சுதுடி. கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேனே."

"பசங்க பார்க்குதுங்க. போய் நில்லுங்க."

பெரியவருக்கோ ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. தண்ணீர் குடிக்கப் போவார், வாசலில் செருப்பு பத்திரமா என்று பார்த்துவிட்டு வருவார். அப்பாடா என்று மகன் ஒரு ஓரமாய் உட்காரும் நேரம் பார்த்து உள்ளே நுழைவார். தினமும் இதே கதை. கடையில் நின்றவர் வீட்டிலும் நின்றார். முட்டி கழன்றுவிடும் போலிருந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டு வாயைத் திறந்தார்.

"அப்பா, எப்ப ஊருக்குக் கிளம்புறீங்க?"

"பசங்க மரியாதை கத்துக்கிற வரைக்கும் இருங்கன்னு மருமக சொல்லியிருக்காளே."

"அதெல்லாம் கத்துக்கிட்டாங்க. இந்தச் சட்டத்தையும் எடுத்துடலாம்னு பார்க்கிறேன். பெரியவங்க நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

பெரியவர் அவசரமாக டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நானா எப்படிடா சொல்றது? இரு, மருமகளைக் கேட்டுட்டு வரேன்."