நான் நீக்கிய ஒரே ரெய்டர்

தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ரசிகனுக்கு ஒரு சுகமும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜெயிக்கிற அணியின் ரசிகனுக்குக் கை தட்டுவது மட்டும்தான் வேலை. தோற்கிற அணியின் ரசிகனோ பயிற்சியாளர், மருத்துவர், நீதிபதி மூன்றுமாக இருக்கலாம். சோபாவில் சாய்ந்தபடியே ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம். யாருக்கு முழங்கால் நிஜமாகவே போய்விட்டது, யார் சும்மா பிடித்துக்கொண்டு உருளுகிறார் என்று திரையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாம். யாரும் மேல்முறையீடு செய்ய மாட்டார்கள்.

டிவியில் வரும் கபடி லீக்கில் நான் ஆதரிக்கும் அணி எது என்று சொல்லப்போவதில்லை. (புள்ளிப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள், சீக்கிரம் கிடைத்துவிடும்.) அந்த வருடம் எங்கள் முதன்மை ரெய்டர் பயிற்சி முகாமுக்குத் தாமதமாக வந்தார் என்று நிர்வாகம் அவரை வெளியே உட்கார வைத்தது. அவர் இல்லாத ஆட்டங்களில் எல்லாம் தோற்றோம். பிறகு திரும்ப எடுத்தார்கள். எடுத்த முதல் ஆட்டத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சீசன் முடிந்தது, அவருக்கும் எங்களுக்கும்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். நூலில் முறுக்கு கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புவது என் வேலை. இந்த வேலையில் ஒரு கோளாறு உண்டு. நாளடைவில் மனிதர்களையும் இழுத்துப் பார்க்கத் தோன்றிவிடும்.

என்னோடு சோபாவில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவன் முனீஸ். என் மனைவி செல்வியின் தம்பி. பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், இப்போது எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறான். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை. நாற்பது தாண்டியும் ரெய்டு போனால் பாம்பு மாதிரி வளைந்து திரும்பி வருகிற ஆள்.

"சத்தியமா முட்டி போயிருச்சு அத்தான். விழுந்த விதத்தப் பாருங்க" என்றான் அன்று.

"நாடகம் மாப்ள. வெளிய உக்கார வச்சாங்கல்ல, அந்த ரோஷம் முட்டிக்கு எறங்கிருச்சு."

"ஆடத் தெரிஞ்சவன வெளிய வச்சுட்டு, ஒழுக்கத்த வச்சா பாயிண்ட் எடுக்க முடியும்?"

"முடியும்" என்றேன்.

இந்த ஒற்றை வார்த்தையை நான் சோபாவிலேயே விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மாட்டுப் பொங்கல் அன்று எங்கள் தெருவுக்கும், செல்வி பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவுக்கும் கபடி நடக்கும். நாற்பது வயது தாண்டியவர்கள் மட்டும்தான் ஆடலாம். எங்கள் பக்கம் வருடம் தவறாமல் தோற்கும். இந்த முறை கேப்டன் நான் என்று நானே அறிவித்தேன். யாரும் மறுக்கவில்லை. (போட்டியிட ஆள் இல்லாத தேர்தலில் ஜெயிப்பது எளிது.)

தொழில்முறை அணி போலவே நடத்துவேன் என்றேன். விடியற்காலையில் எல்லோரும் மைதானத்தில் நிற்க வேண்டும். பொங்கல் முடியும்வரை பரோட்டா கூடாது. முக்கியமாக, கோர்ட்டுக்குள் முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது. எல்லோருக்கும் நான் கேப்டன்.

"அத்தான அத்தான்னு கூப்பிடாம என்னத்தான் பண்ணட்டும்?" என்று கேட்டான் முனீஸ்.

"அதுலயே ரெண்டு அத்தான் வந்துருச்சு" என்றேன் கண்டிப்பாக.

போகிக்கு இரண்டு நாள் முன்பு முனீஸ் பயிற்சிக்கு வரவில்லை. ஓடி முடித்து, எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது பைக்கில் வந்து இறங்கினான்.

"கரும்பு பாக்கப் போயிட்டேன் அத்தான். மம்சாபுரத்துல தோட்டத்துலயே வெட்டித் தாரேன்னாக. ஒங்க வீட்டுக்குத்தான், பொங்கப்படிக்கு."

பொங்கல்படி என்றால் தெரியும்தானே. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரும் பொங்கல் சீர். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் உண்டு. செல்விக்கு அம்மா அப்பா இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் முனீஸ்தான். அவன் கொண்டுவருகிற படியில்தான் அவள் பொங்கல் வைப்பாள்.

எந்த மனிதனும் அந்த இடத்தில், "நல்ல கணுவாப் பாத்து எடுத்தியா?" என்றுதான் கேட்டிருப்பான். நான் சொன்னது இது:

"காரணம் வேற, ஒழுக்கம் வேற. ஒன்னைய இந்த மேட்சுல இருந்து நீக்குறேன்."

முனீஸ் என்னைப் பார்த்தான். சிரிக்கிறேனா என்று பார்த்தான். நான் சிரிக்கவில்லை. பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். தொழில்முறை முடிவெடுத்த திருப்தியில் நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

போகி அன்று காலையில் படி வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. செல்வி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் யார் வழியாகவோ சேதி தெரிந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"எந்தம்பிய நீக்கிட்டியளாமே?"

"டீம்ல இருந்து செல்வி. டீம்ல இருந்து மட்டும்தான்."

"கல்யாணமாகி எங்க வீட்டுப் படி வராத பொங்கல் ஒண்ணு உண்டா? நீங்க கேப்டனா இருங்க, கலெக்டரா இருங்க. எனக்கும் எம்பொறந்த வீட்டுக்கும் நடுவுல எதுக்குக் கோடு போடுதிய?"

"நான் போய்க் கூட்டிட்டு வாரேன்."

"கூப்பிட்டு வாங்குறதுக்குப் பேரு படியா?"

அடுத்த நாள் கடைக் கரும்பு இரண்டைச் சாத்தி வைத்துப் பொங்கல் வைத்தோம். பால் பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்" என்று நான் மட்டும் சத்தம் போட்டேன். அவள் கரண்டியைப் பார்த்தபடி நின்றாள். ஒரு மனிதன் தனியாகக் கத்தினால் அந்தச் சொற்கள் எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

மாட்டுப் பொங்கல் மாலை. எங்களிடம் ஆறு பேர்தான். ஏழாவதாக, வேடிக்கை பார்க்க வந்த ஹார்டுவேர் கடை காதர் பாயை இழுத்து இறக்கினேன். "எனக்கு கபடி தெரியாதே?" என்றார். "இங்க யாருக்கும் தெரியாது, வாங்க" என்றார் எங்கள் அணிக்காரர் ஒருவர். கட்டுப்பாடு அந்த நிலையில் இருந்தது.

எதிரே ஸ்ரீவில்லிபுத்தூர் அணி இறங்கியது. கடைசியாக, புதுப் பனியனில், முனீஸ்.

ஓர் அணி கழற்றிவிட்ட ஆளை இன்னோர் அணி எடுத்துக்கொள்ளும், அவர் பழைய அணியையே பந்தாடுவார் என்பது தொழில்முறை விளையாட்டின் அரிச்சுவடி. எத்தனை சீசன் பார்த்துப் பார்த்துத் திட்டியிருக்கிறேன்! பிறந்த தெரு அவனைக் கூப்பிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதிர்ப்பக்கத்தில் அவர்கள் தெருப் பெண்களோடு செல்வி உட்கார்ந்திருந்தாள். முனீஸ் முதல் ரெய்டில் எங்கள் ஆட்கள் இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது அவள் கை தட்டியது மைதானம் முழுக்கக் கேட்டது.

வெகு சீக்கிரம் ஆல் அவுட் ஆனோம். பிறகு இன்னொரு முறை. ஒழுக்கம் ஒரு பாயிண்ட்கூட எடுத்துத் தரவில்லை. கேப்டன் முன்னால் நின்று காட்ட வேண்டிய நேரம் என்று முடிவு செய்து நானே ரெய்டு போனேன்.

கோர்ட்டின் இரண்டு ஓரத்திலும் லாபி என்று ஒரு கீற்று உண்டு. எதிராளி யாரையும் தொடாமல் ரெய்டர் அதில் கால் வைத்தால் அவுட். டிவியில் யாராவது இந்தத் தவறைச் செய்தால், "கோடு கூடவா கண்ணுக்குத் தெரியாது?" என்று ரிமோட்டை எறிபவன் நான். கபடி கபடி என்று பாடிக்கொண்டே போனேன். முனீஸ் ஓர் அடி முன்னால் வந்தான். நான் லாவகமாக, எனக்கு அப்படித்தான் தோன்றியது, ஓரமாக விலகினேன்.

விசில் அடித்தது. கிருஷ்ணன்கோவிலில் இருந்து வந்திருந்த நடுவர் கையைத் தூக்கினார்.

"லாபி. அவுட் சார்."

"யாரு அவுட்டு? கோடு எங்க இருக்குன்னு பாருங்க!" என்று கோட்டைக் காட்டுவதற்காக ஆவேசமாகத் திரும்பினேன். உடம்பு திரும்பியது. ஊன்றிய கால் திரும்பவில்லை. முழங்காலில் 'டக்' என்றது. நான் மண்ணில் கிடந்தேன்.

ஒருவரும் என்னைத் தொடவில்லை. கபடியில் தொடாமலே விழுந்தவன், அதுவும் நடுவரோடு சண்டை போட்டு விழுந்தவன், அநேகமாக நான் ஒருவன்தான். படுத்தபடியும் நான் நிறுத்தவில்லை. "சுண்ணாம்புக் கோட்ட அழிச்சிட்டாங்க!" என்று கத்தினேன். நடுவர் பொறுமையாகக் குனிந்து, படுத்திருப்பவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முகத்துக்கு நேரே பச்சைக் கார்டைக் காட்டினார். ஒழுங்கீனத்துக்கு எச்சரிக்கை. அன்றைய ஆட்டத்தில் காட்டப்பட்ட ஒரே கார்டு.

"பச்சைதான் கேப்டன், பயப்படாதீங்க" என்றார் காதர் பாய், ஒரு கையால் கைலியைப் பிடித்துக்கொண்டு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனீஸ் வந்து உட்கார்ந்தான்.

"வலிக்கா அத்தான்?"

"உயிர் போகுது மாப்ள."

"நெசமாவா, நாடகமா?"

முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தான். உதடு மட்டும் ஒரு பக்கமாகத் துடித்தது. பைக் பெட்டியில் இருந்து பேண்டேஜ் துணியை எடுத்து, முழங்காலை அசையாமல் சுற்றிக் கட்டினான். எதிரணிப் பனியனோடு என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான்.

"நீ போய் ஆடு மாப்ள, மேட்ச் பாக்கி இருக்கே."

"அதுல என்ன பாக்கி? செத்த நேரம் பேசாம வாங்க." செல்வியும் ஓரமாக ஏறிக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. அதுதான் காலைவிட அதிகம் வலித்தது.

மறுநாள் காணும் பொங்கல். கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தேன். வாசலில் பைக் சத்தம். முனீஸும் அவன் மனைவியும் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். கரும்புத் தோகை வாடியிருந்தது. போகிக்கு முந்தின நாளே எல்லாம் வாங்கி வைத்திருக்கிறான்.

"பொறவு ஏம்லே கொண்டு வரல?" என்று செல்வி அழுதுகொண்டே அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நான் என்னத்தக் கண்டேன்க்கா? அத்தான் என்னைய டீம்ல இருந்து மட்டும் நீக்குனாகளா, சொந்தத்துல இருந்தும் சேத்து நீக்கிட்டாகளான்னு வெளங்கல. அதான் கட்டி வச்சிருந்தேன்."

"கரும்பு நல்ல கணுவா இருக்கு மாப்ள" என்றேன், ஐந்து நாள் தாமதமாக. அன்று சாயங்காலம் செல்வி மறுபடி பொங்கல் வைத்தாள். பால் பொங்கியபோது நால்வரும் கத்தினோம். என் சத்தம்தான் அதிகம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

கால் சரியாகும்வரை வேறு வேலை இல்லாமல் கைபேசியில் எங்கள் ரெய்டரின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலைக் கொஞ்சம் தூக்குவார், பல்லைக் கடிப்பார், இறக்குவார். கட்டிலில் நானும் அவரோடு சேர்ந்து தூக்கினேன். அவரவர் முட்டிக்கு வந்தால்தான் நாடகத்தில் எவ்வளவு வசனம் இருக்கிறது என்று தெரிகிறது. அடுத்த சீசனில் அவர் திரும்பி வந்தார். வந்த ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் ஒரு முரட்டுப் பிடியில் விழுந்தவர் தானாக எழுந்து முட்டியை உதறிக்கொண்டு நடந்தபோது, நானும் முனீஸும் சோபாவில் ஏறி நின்று கத்தினோம். தோற்ற ஆட்டத்துக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் அன்று எங்களைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அடுத்த வருடம் கோப்பை நமக்குத்தான். முனீஸும் அதையேதான் சொல்கிறான்.

இப்போதும் போகி அன்று விடிந்ததும் முனீஸ் படியோடு வந்துவிடுகிறான். வந்ததும் உள்ளே நுழைவதில்லை. தலையில் அரிசிப் பெட்டியோடு வாசற்படியில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி, "கேப்டன், நான் டீம்ல இருக்கேனா?" என்று கேட்பான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியில் இருந்து செல்வியின் குரல் வரும்.

"நீ உள்ள வாலே. அவியளைத்தான் இன்னும் எடுக்கல."