வாறேன் அண்ணன் எழுந்து நின்றார்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு என் மகளின் கல்யாணத்தைத் தடுக்க ஒருவர் எழுந்து நின்றார். அப்படித்தான் சபையார் அத்தனை பேரும் நினைத்தார்கள். எழுந்தவர் வாறேன் அண்ணன். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, எழுந்து நிற்பதாலேயே ஊரைக் கலக்கிய மனிதர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குக் கலகம் செய்யக் கொடி வேண்டும், முழக்கம் வேண்டும். அவருக்கு ஒரு பெஞ்சு போதும்.

ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்திருப்பார்கள். யாருக்கும் நினைவில்லை. உதியன்குளங்கரை ஜங்ஷனில் தையல் கடை வைத்திருந்தார். பேச்சின் நடுவில், சாப்பாட்டின் நடுவில், ஜெபத்தின் நடுவில் "வாறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னாலிருந்த மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் போய்விடுவார். எதற்கென்று அவர் சொன்னதில்லை. கேட்டால் கோபம் வரும்.

அளவெடுக்கும்போதும் இதே கதைதான். ஒருநாள் சப் இன்ஸ்பெக்டர் சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தார். இவர் அவரை இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, அக்குளில் இரண்டு பக்கமும் குண்டூசியைக் குத்தினார். குத்திய கையோடு "வாறேன்" என்று போய்விட்டார். கையை இறக்கினால் ஊசி ஏறும். இன்ஸ்பெக்டர் தூக்கிய கை தூக்கியபடி நின்றார். தமிழ்ப் பகுதிகளை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போன காலம் அது. அந்த நேரம் பார்த்து ஓர் ஊர்வலம் கடையைத் தாண்டியது. போலீஸ் அதிகாரி சரணடைந்து நிற்பதைக் கண்டதும் முழக்கம் நின்றது. பிறகு கைதட்டினார்கள். எல்லைப் போராட்டத்தின் முதல் வெற்றி உதியன்குளங்கரையில் ஒரு தையல் கடையில்தான் கிடைத்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு.

அன்றிலிருந்து இரண்டு பக்கமும் அவரைச் சந்தேகித்தது. போராட்டக் கமிட்டி அவர் கடையின் பின்னறையில் கூடும். முக்கியமான முடிவு எடுக்கும்போதெல்லாம் இவர் எழுந்து போவார். "மனுஷனுக்கு இம்புட்டு மூத்திரம் ஏதுலே? போலீசுக்குச் சொல்லப் போறான்" என்றது கமிட்டி. தோட்டத்துக்குள் யாரையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்றது போலீஸ். ஒரு கான்ஸ்டபிள் மரச்சீனிச் செடிக்குள் பதுங்கியிருந்து வேவு பார்த்தார். நனைந்து திரும்பினார். என்ன கண்டார் என்பதை மேலதிகாரிகளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

வாறேன் அண்ணன் எதையும் மறுக்கவில்லை. ஒற்றன் என்ற பேரில் ஒரு கௌரவம் இருந்தது. மற்ற காரணத்தில் அது இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் சபையில் ஒரு கல்யாணத்தை மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டும். "இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர் இருந்தால் இப்போதே சொல்லட்டும்" என்று கேட்டுவிட்டுப் போதகர் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். என் ஆயுளில் அந்த ஒரு மூச்சை யாரும் உபயோகித்தது கிடையாது. என் மகள் கிரேஸின் பெயரை வாசித்த முதல் ஞாயிறு, சரியாக அந்த மூச்சில், கடைசிப் பெஞ்சில் வாசலோரம் வாறேன் அண்ணன் எழுந்தார்.

"சொல்லும்" என்றார் போதகர்.

"வாறேன்" என்றார் அண்ணன். போய்விட்டார்.

சபை காத்திருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் வேதாகமத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் அவரைத் தேடி ஆலயத்துக்குப் பின்னால் ஓடினேன். பலா மரத்தடியில் தலை குனிந்து, ஜெபிப்பவரைப் போல நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன தடை? எனக்க மோளுக்க வாழ்க்கையாக்கும்."

"ஒரு தடையும் இல்ல சாரே. கொஞ்சம் அங்க பாத்து நில்லுங்க."

திரும்பி நின்றேன். நெடுநேரம் ஆயிற்று. முதுகுக்குப் பின்னால் அவர் மெதுவாகச் சொன்னார்: "பஸ்ஸுக்கு ஓடுறது மாதிரியாக்கும். அவசரம் பிடிச்சு ஓடி வந்தா, ஸ்டாப்புல வண்டியக் காணோம். காத்து நிக்கணும். வந்தாலும் ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு. திரும்பிப் போய் இருந்தா பின்னயும் அவசரம்."

"வைத்தியரைப் பாக்கலியா?"

"நெருஞ்சி முள்ளு கசாயம் குடிச்சேன். தண்ணி குடிக்கிறத நிறுத்தினேன். வயசானா இப்படித்தான்னு எல்லாவனும் சொல்லுதான்."

"இதைப் போதகரிட்ட சொல்லிடுங்க அண்ணே. தீந்துபோகும்."

"பெண்ணுங்க இருக்கிய சபையில இத எப்படிச் சொல்ல?"

சொல்லவில்லை. ஊர் தானே காரணம் கண்டுபிடித்தது. ஒற்றனுக்குத் தெரியாத ரகசியம் உண்டா? மாப்பிள்ளை மேல் போலீஸ் கேஸ் உண்டு என்றார்கள். மாப்பிள்ளையே போலீசின் ஆள் என்றும் சொன்னார்கள். அந்தப் பையன் விளவங்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கொடி கூடப் பிடித்ததில்லை, வரைந்ததோடு சரி.

திங்கட்கிழமை சம்பந்தி வந்து சேர்ந்தார். உட்காரவில்லை.

"எனக்க பிள்ளைமேல குத்தம் உண்டெங்கில் அந்த ஆளு சொல்லட்டு. அடுத்த ஞாயிறும் எழும்பினா, கல்யாணம் இல்ல. எனக்கும் மானம் உண்டு சாரே."

கிரேஸ் அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சுத்தமாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை வாறேன் அண்ணன் மாப்பிள்ளையின் கோட்டைத் தைத்து முடித்துக் கொண்டுவந்தார். "நாளைக்கு வீட்டுலயே இருங்க" என்றேன்.

"நான் வரலேங்கில், சாரு நம்மள விலைக்கு வாங்கீட்டாருன்னு சொல்லுவானுவ. வரணும். எழும்ப மாட்டேன், கேட்டியளா? எனக்க கையால தச்ச கோட்டு அது. வீணாப் போக விடுவேனா?"

இரண்டாம் ஞாயிறு போதகர் கேள்வியைக் கேட்டதும் சபை மொத்தமும் கழுத்தைத் திருப்பியது. அண்ணன் தனக்கு முன்னாலிருந்த பெஞ்சின் சாய்வுப் பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை. கண் மேற்கூரையில். எழவில்லை.

போதகருக்கு வந்த நிம்மதியில் ஜெபம் நீண்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் சமாதானம் கேட்டார். அந்தப் பக்கமும் கேட்டார். எல்லை எங்கே என்று இன்னும் முடிவாகாததால் இரண்டு பக்கமும் வெகு தூரம் போயின. ஆசீர்வாதம் வரை அண்ணன் அசையவில்லை.

பிறகு பலா மரத்தடிக்குப் போனார். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அங்கேயே நின்றார். இந்தத் தடவை வண்டி வரவே இல்லை. மத்தியானம் அவர் அடிவயிறு கல்லாகிவிட்டது. நாள் முழுதும் போய்க்கொண்டே இருந்த மனிதருக்கு ஒரு சொட்டும் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று பார்த்துக் கடையடைப்பு. பஸ் இல்லை. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவரைப் படுக்கவைத்து, தெற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். இரண்டு மைல் போவதற்குள் போலீஸ் ஜீப் வழிமறித்தது. இறங்கியவர் குண்டூசி இன்ஸ்பெக்டர்.

"ஆரா அது? எங்ஙோட்டா?" என்றார் மலையாளத்தில். வண்டிக்குள் எட்டிப் பார்த்ததும் முகம் இறுகியது. அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். பிறகு கான்ஸ்டபிள்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனிக்கும் உண்டு சாரே, இது. ராத்திரி உறக்கமே இல்ல. ஜீப்பில கேற்று."

அப்படியாகப் போலீஸ் ஜீப்பில் போனோம். அடுத்த வளைவில் போராட்டக்காரர்கள் சாலைக்குக் குறுக்கே தென்னை மரத்தைத் தள்ளியிருந்தார்கள். ஜீப்பில் வாறேனைக் கண்டதும் ஒரு நிமிடம் திகைத்தார்கள். போலீஸ் இவரைக் கைது செய்துவிட்டது, அப்படியானால் இவர் நம்முடைய ஆள்தான் என்று அவர்களுக்கு அப்போது விளங்கியது. "வாறேன் அண்ணன் வாழ்க" என்றது கூட்டம். "விடுதலை செய்" என்றது. மரத்தின்மேல் படுத்து மறித்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அப்போது வாறேன் அண்ணன் எழுந்தார். ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆண்களும் பெண்களுமாக நின்ற ஜங்ஷனைப் பார்த்துக் கத்தினார்:

"எலே, மரத்த மாத்துங்கலே. எனக்கு மூத்திரம் போகல."

முழக்கம் அடங்கியது. மரத்தின்மேல் படுத்திருந்தவர்களில் நரைத்தவர்கள் முதலில் எழுந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. மரம் விலகியது. கமிட்டிக்காரர் ஒருவர் ஜீப்போடு கூட நடந்து வந்து, "எந்த டாக்டரக் காட்டுதிய?" என்று என்னிடம் மட்டும் கேட்டார்.

டாக்டர் ஒரு ரப்பர் குழாயால் அண்ணனின் உயிரை மீட்டார். நிரம்பிய பாத்திரத்தைப் பார்த்து நர்ஸ் இன்னொன்று கொண்டுவந்தாள். அண்ணனின் முகத்தில் வந்த அமைதியைப் போதகரின் எந்தப் பிரசங்கத்துக்குப் பிறகும் நான் கண்டதில்லை.

"மூத்திரப்பைக்குக் கீழே புரோஸ்டேட்னு ஒரு சுரப்பி உண்டு" என்று டாக்டர் எனக்கு விளக்கினார். "வயசு ஏறினா ஆண்களுக்கு அது வீங்கும். வழியை நெருக்கும். அடிக்கடி போகணும்னு தோணும், போனா முழுசா ஒழியாது. அடக்கி வச்சா சில நேரம் இப்படி அடைச்சுடும். அடிக்கடி போற எல்லாவருக்கும் இதுதான் காரணம்னு இல்ல. சர்க்கரையா இருக்கலாம், மூத்திரத்துல கிருமியா இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்லத்தான் நாங்க இருக்கோம். இவரு ஏன் முன்னாலயே வரல?"

"வெக்கம்" என்றேன்.

வெளியே பெஞ்சில் இன்ஸ்பெக்டர் தன் முறைக்காகக் காத்திருந்தார். எனக்கும் அப்போது நாற்பத்தெட்டு வயது ஆகியிருந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அண்ணன் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். ஊருக்கு விஷயம் தெரிந்ததும் சம்பந்தி வந்து, இந்த முறை உட்கார்ந்தார். "இதுக்காக்குமா எழும்பினாரு? பாவம், எங்கிட்டயாவது சொல்லப்பிடாதா?" என்றார். மூன்றாம் ஞாயிறு யாரும் எழவில்லை. வாசலோரம் அவருடைய இடம் காலியாகக் கிடந்தது. எனக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை.

இப்போது எல்லை முடிவாகிவிட்டது. மகள் அந்த மாநிலம், நான் இந்த மாநிலம். ஆனாலும் ஆராதனையில் யாராவது எழுந்தால் இன்றைக்கும் என் கை பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறது.

கல்யாணத்தன்று அந்தக் கேள்வியைப் போதகர் இன்னொரு முறை கேட்டார். பழக்கதோஷத்தில் சபை பின்னால் திரும்பியது. வாசலில் வாறேன் அண்ணன், மெலிந்து, ஒரு கம்பை ஊன்றி நின்றார். கடைசிப் பெஞ்சில் அவருக்கு இடம் விட்டார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. மெதுவாக நடந்து, ஒவ்வொரு பெஞ்சாகத் தாண்டி, முன்வரிசைக்கு வந்து என் தோளைத் தொட்டார்.

"கொஞ்சம் நீங்கி இருங்க சாரே. இன்னைக்கு முடியும்வர நான் உண்டு."