அணையாத காரும் பட்டன் அண்ணனும்

ஒரகடம் ஃபேக்டரியில் நாங்கள் செய்கிற, கார் இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்றைக்கூட நம்பாத ஒரே பிரகிருதி எங்கள் பட்டன் அண்ணன்தான். நம்பாவிட்டால் போகட்டும். அந்த மோட்டார்களைச் சோதித்து ‘ஓகே’ ஸ்டிக்கர் ஒட்டுவதே அவர் வேலை என்பதுதான் கொடுமை!

மண்ணூர்க்காரர். புதுக் கார் வாங்கினார். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணையும். கிளட்சை மிதித்தால் தானே கிளம்பும். பெட்ரோல் மிச்சம் என்று மற்றவர்கள் சந்தோஷப்படுகிற வசதி, இவருக்கு எமன்.

“சிக்னலுக்கு சிக்னல் நிறுத்தி எடுத்தா மோட்டாரு இன்னாத்துக்கு ஆவும்? தேஞ்சி பூடும்பா!”

“அதுக்குன்னே கெட்டியாத்தானண்ணே செய்யுதோம்? நீங்கதான டெஸ்ட் பண்ணுதீய?” என்றேன்.

“அதான் சொல்றேன். தெனம் பாத்துக்கினுதான கீறேன்!”

அந்த வசதியை நிறுத்த ஒரு பட்டன் உண்டு. ஆனால் காரை அணைத்து எடுத்தால் மறுபடி அமுக்கவேண்டும். மறந்துவிட்டால்? ஆகவே மகானுபாவர் காரை அணைப்பதையே விட்டுவிட்டார். டீக்கடை வாசலில் ஆளில்லாத கார் உறுமும். உள்ளே இவர் நிதானமாக வடை தின்பார். மூளை இருக்கிறவன் செய்கிற காரியமா இது?

என் மனைவிக்குப் பிரசவ வலி கண்ட காலையில் வாடகைக் கார் எதுவும் கிடைக்கவில்லை. கூப்பிட்டதும் அண்ணன் வந்தார். படப்பையில், ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கார் முனகி நின்றது. பெட்ரோல் காலி!

“நீ எப்போ கூப்டுவியோன்னு நேத்து சாயங்காலத்துலேந்து ஓட வச்சிகினே இருந்தேம்பா. பெட்ரோல் முள்ளைப் பாக்கல” என்றார்.

அடப்பாவி மனுஷா! கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

பின்சீட்டிலிருந்து மனைவி அலறினாள். “எண்ணே, சாவியத் திருப்புங்கண்ணே!”

திருப்பினார். அடிச்சொட்டைக் குடித்து நாலடி போய் நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடியும். நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். “தாங்காதுபா, தாங்காதுபா” என்று அழுதுகொண்டே திருப்பினார். எங்கள் லைனில் செய்த மோட்டார், தாங்கியது. ஆஸ்பத்திரிக்குள் போய்த்தான் நின்றோம்.

மகள் பிறந்தாள். சரி, இனியாவது திருந்துவார் என்று நினைத்தேன். “இன்னிக்கு வாங்குன அடிக்கு அந்த மோட்டார இனிமே சுத்தமா நம்ப முடியாது” என்றார். என்ன ஜென்மமோ!

இப்போது வாடகைக் கார்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் போன வாரம் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தபோது, என் கை தானாக அவருக்குத்தான் போன் போட்டது.