ஏணியில் ஏறாத மாணவர்

மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குள், காற்றாலைப் பயிற்சி மையத்தின் பின்முற்றத்தில் நிற்கும் நாற்பது மீட்டர் இரும்புக் கோபுரத்தில் பதினோரு பேர் ஏறி இறங்கியிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் ஏணியின் முதல் படியில் வலது காலை வைத்தபடி ஐந்து நிமிடமாக நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அனல்மின் நிலையத்தில் இருபத்தேழு வருடம் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் எல்லோருக்கும் 'பாய்லர் சார்'. அந்த நிலையம் மாதக் கடைசியில் மூடப்படுகிறது. நான்கு வாரப் பயிற்சியில் தேறிச் சான்றிதழ் வாங்குபவர்களுக்குக் காற்றாலையில் வேலை. மற்றவர்களுக்குக் கைகுலுக்கல்.

ஐநூறு டிகிரி நீராவிக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்த மனிதருக்கு ஒரே ஒரு பயம்தான். வீட்டில் ஃபேன் துடைக்க ஸ்டூலில் ஏறுவதுகூட அவர் மனைவிதான்.

"என்ன சார், ஏணியோட பேசிட்டிருக்கீங்களா?" என்றார் பயிற்றுநர் அம்மா.

"முட்டி வலி மேடம். நேத்துலேருந்து."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! அடிபட்டு மேல மாட்டிக்கிட்ட ஆள் ஒருத்தர் இல்லாம எப்படிப் பாடம் நடத்துறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். மத்தவங்க உங்களைக் காப்பாத்தட்டும்."

"மேல போகாம எப்படி மேடம் மேல மாட்டிக்கிறது?"

"நீங்க ஏன் போகணும்? நாங்க ஏத்திவிடுறோம்."

அடுத்த ஐந்தாவது நிமிடம் பாய்லர் சார் நாற்பது மீட்டர் உயரத்தில் கயிற்றில் மூட்டையாகத் தொங்கினார். அங்கிருந்து பார்த்தால் கடல்வரை தெரியும் என்பார்கள். அவருக்குத் தன் இமையின் உட்புறம்தான் தெரிந்தது.

சாயங்காலம் மனைவியின் தம்பிக்கு போன் போட்டார்.

"முட்டி வலின்னா யாரு மாமா விடுவா? மயக்கம்னு சொல்லுங்க. மயக்கம் போட்டவரை மேல ஏத்த யாருக்கும் மனசு வராது."

"நிச்சயமா வராதா மாப்ள?"

"மனுஷங்கதானே மாமா!"

மனசு வந்தது. "நினைவு தப்பினவரை இறக்குறது ரெண்டாவது வாரப் பாடம்" என்றார் பயிற்றுநர். ஸ்ட்ரெச்சரில் ஆறு பட்டைகள் போட்டு இறுக்கி, தலை முன்னால் போக, மேலே ஏற்றினார்கள். மேலே காத்திருந்த சக மாணவர், அனல்மின் நிலையத்து வெல்டர், காதோரம் குனிந்து கெஞ்சினார்.

"சார், தயவுசெஞ்சு கண்ணைத் திறந்துடாதீங்க. எனக்கு மார்க் போயிடும்."

"திறக்குற உத்தேசமே இல்லப்பா" என்றது ஸ்ட்ரெச்சர்.

மூன்றாவது வாரம் பாய்லர் சார் உண்மையைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தார். "மேடம், முட்டியும் இல்ல, மயக்கமும் இல்ல. எனக்கு உயரம்னா கை கால் ஓடாது."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பயிற்றுநர் அவர் தோளில் ஆதரவாகக் கை வைத்தார். பாய்லர் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பயத்துல உறைஞ்சுபோனவரை மீட்குறதுதான் இருக்கறதுலயே கஷ்டமான பாடம். ஆள் கிடைக்காம மூணு பேட்ச்சா நடத்தவே இல்ல. ஏங்க, யாராவது கயிறு கொண்டாங்க!"

அன்று மேலே அவர் வெல்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மா, அப்பா, தொழிற்சங்கம் என்று தெரிந்த எல்லோரையும் கூப்பிட்டார். கீழே கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வீட்டில் மனைவி பெருமையோடு காத்திருந்தாள். "நீங்க தினம் நாலு தடவை உச்சிக்குப் போயிட்டு வர்றீங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கேன்."

"அது உண்மைதான்."

"அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க?"

இருபத்தெட்டாம் தேதி தேர்வு. ஒவ்வொருவரும் தனியாக, தன் காலால் ஏறி உச்சியைத் தொட வேண்டும். பாய்லர் சார் வேலையை நினைத்தார், மனைவியை நினைத்தார், ஏறினார். நான்காவது படியில் கை ஏணியைப் பிடித்தது பிடித்தபடி நின்றுவிட்டது.

யாரும் சொல்லவில்லை. பதினோரு பேரும் பழக்க தோஷத்தில் ஓடிவந்தார்கள். ஒருவர் இடுப்பில் கொக்கி மாட்டினார், ஒருவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார், வெல்டர் தன் கழுத்தைத் தானாகவே நீட்டினார். இரண்டு நிமிடம் பத்து வினாடியில், ஒரு மேசை உயரத்திலிருந்து, பாய்லர் சார் பத்திரமாகத் தரையிறக்கப்பட்டார். அது மையத்தின் சாதனை. மீட்புப் பாடத்தில் பதினோரு பேருக்கும் முழு மதிப்பெண். அவர் பெயருக்கு நேரே பூஜ்யம்.

பூஜ்யத்தை மனைவியிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்தபடியே, இடுப்புப் பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கப் பொருளறைக்குப் போனார். ஸ்டோர் கீப்பர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார்."

"நான் ஃபெயிலுங்க. இனிமே இது எனக்கெதுக்கு?"

ஸ்டோர் கீப்பர் ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணாம் தேதியிலிருந்து இங்கேயே நிரந்தர வேலை சார், மீட்புப் பயிற்சிக்கு எண்பது கிலோ ரப்பர் பொம்மை வாங்க விட்ட டெண்டரை இப்பத்தான் ரத்து பண்ணோம்."